மெனோனைட், ஆமிஷ் குடும்ப ஆவணங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் வின்னிபெக், அமெரிக்காவின் எல்க்ஹார்ட், நார்த் நியூட்டன், லங்காஸ்டர் ஆகிய ஊர்களில் உள்ள, மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் காப்பகங்களில், சபையின் நிர்வாக ஏடுகளுக்குப் பக்கத்திலேயே விவசாயக் குடும்பங்களின் கடிதக் கட்டுகளும் நாட்குறிப்புகளும் வரவுசெலவு நோட்டுகளும் பாதுகாக்கப்படுகின்றன. வம்சாவளி தேடி வருபவர்கள் இவற்றிலிருந்து பெயரையும் தேதியையும் மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு போவதே பெரும்பாலான பிழைகளுக்கு வேர். அந்த மக்களின் வழக்கம் தெரியாமல் எடுத்த தேதி, தேதியாகக்கூட நிற்பதில்லை.

முதல் தவறு ஞானஸ்நானத்தில் நேர்கிறது. 1525இல் சூரிக்கில் தொடங்கிய அனபாப்டிஸ்ட் இயக்கம் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை மறுத்து, வளர்ந்தவர்களுக்கே அதைக் கொடுத்தது. மெனோனைட்டுகளும், 1693இல் யாக்கோப் அம்மான் தலைமையில் பிரிந்த ஆமிஷ் மக்களும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். ஆகவே மற்ற கிறிஸ்தவ சபைகளின் பதிவேடுகளில் செய்வதுபோல ஞானஸ்நானத் தேதியை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணித்தால், கணக்கு ஏறக்குறைய 20 ஆண்டுகள் பிசகிவிடும். பிறப்பு விவரங்களுக்குக் குடும்ப வேதாகமத்தின் வெற்றுப் பக்கங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கும் ஒரு எச்சரிக்கை தேவை: எல்லாக் குழந்தைகளின் பிறப்பும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே சீராக இருந்தால், அவை பிற்காலத்தில் ஒரே அமர்வில் எழுதப்பட்டவை என்று கருத இடமுண்டு. வேதாகமம் அச்சான ஆண்டு, முதல் குழந்தையின் பிறப்புக்குப் பிந்தியதாக இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. நினைவிலிருந்தோ பழைய ஏட்டிலிருந்தோ எழுதியதாகவே அதைக் கொள்ள வேண்டும்.

தேதிகளில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. பழைய ஜெர்மன் கையெழுத்துகளில் "7பெர்" என்று இருந்தால் அதை ஜூலை என்று வாசிப்பவர்கள் பலர். "செப்டெம்" என்ற லத்தீன் சொல்லுக்கு ஏழு என்று பொருள் என்பதால், அது செப்டம்பரைக் குறிக்கும் சுருக்கம். 8பெர் அக்டோபர், 9பெர் நவம்பர். மற்றொன்று, ரஷ்யாவில் 1918 பிப்ரவரி வரை ஜூலியன் நாட்காட்டியே வழங்கியது. 19ஆம் நூற்றாண்டில் அது நமது நாட்காட்டிக்கு 12 நாள் பின்தங்கியிருந்தது. 1874 முதல் அமெரிக்காவின் கான்சாஸுக்கும் கனடாவின் மனிடோபாவுக்கும் குடியேறிய மெனோனைட்டுகள் ரஷ்யாவில் விட்டுவந்த உறவினரோடு நடத்திய கடிதப் போக்குவரத்தைத் தேதிவாரியாக அடுக்கும்போது இதைக் கவனிக்காவிட்டால், எது முந்திய கடிதம், எது பதில் என்பதே தலைகீழாகிவிடும்.

ஜெர்மன் மொழி தெரிந்தாலே போதும் என்று நினைப்பதும் தவறு. கூர்ரெண்ட் எனப்படும் பழைய கையெழுத்தில் "இ" (e) எழுத்து "என்" (n) போலவே தோன்றும்; "யு" (u) எழுத்தை அதன் மேலுள்ள சிறு வளைவைக் கொண்டுதான் அடையாளம் காண முடியும். ஒரு குடும்பப் பெயரில் இந்த இரண்டையும் மாற்றி வாசித்துவிட்டால், இல்லாத ஒரு குடும்பமே பிறந்துவிடும். வீட்டில் பென்சில்வேனிய ஜெர்மனோ, பிளாவுட்டீட்ஷ் என்ற ஜெர்மானியப் பேச்சுமொழியோ பேசியவர்கள் எழுதும்போது ஏட்டு ஜெர்மனையே நாடினார்கள் என்பதால், இடையில் நுழையும் பேச்சுச் சொல்லைப் பிழையென்று திருத்திப் படியெடுக்கவும் கூடாது.

பெயர்களைப் பொறுத்தவரை, லங்காஸ்டரின் ஸ்டோல்ட்ஸ்பஸ், ஒஹாயோவின் மில்லர், யோடர், ரஷ்ய வழியினரின் ஃப்ரீசன், பென்னர் என்று சில குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். பல ஆமிஷ் குடும்பங்களில் நடுவிலுள்ள தனி எழுத்து தாயின் பிறந்த வீட்டுப் பெயரின் முதலெழுத்து. அதை விட்டுவிட்டுப் படியெடுப்பவர் ஒரே பெயர் கொண்ட இருவரைப் பிரிக்கும் வழியைத் தாமே அழிக்கிறார். ஊர்ப் பெயர்களும் மக்களோடு குடிபெயர்ந்தன. ரோசன்தால் என்ற பெயர் உக்ரைனிலும் மனிடோபாவிலும் உண்டு.

நாட்குறிப்புகளை "வெறும் வானிலை" என்று ஒதுக்குவதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு. வடக்குக் காற்று, சோளம் விதைத்தாயிற்று, மாலையில் அண்ணன் வீட்டார் வந்தார்கள், ஞாயிறு ஆராதனை இன்னார் வீட்டில் — ஒரு நாளுக்கு இவ்வளவே இருக்கும். தன்னை முன்னிறுத்தாத பணிவு அவர்களுக்கு விசுவாசத்தின் ஒரு பகுதி என்பதால், மனக்குமுறலை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஆமிஷ் ஆராதனை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை வீடு மாறி மாறி நடப்பது; யார் வீட்டில் நடந்தது, யார் வந்தார்கள், வழக்கமாக வரும் யார் திடீரென்று வராமல் போனார்கள் என்பதை ஓராண்டுக்குத் தொடர்ந்து குறித்துப் பார்த்தால், ஒரு சபையின் எல்லையும் அதன் பிளவும் மெல்லத் தெரியவரும்.

கடிதக் கட்டைப் பிரித்துத் தலைப்புவாரியாக அடுக்குவது, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சேதம். மத்திய இந்தியாவின் தம்தரியில் 1899இல் பணி தொடங்கிய அமெரிக்க மெனோனைட் மிஷனரிகளின் கடிதம் ஒன்று வீட்டுக் கட்டில் கிடைத்தால், "இந்தியா" என்று தனிக்கோப்பில் போடத் தோன்றும். அப்படிச் செய்தால், அதை யார் பெற்றார், அடுத்து யாருக்கு அனுப்பினார் என்ற தொடர்பு அறுந்துவிடும். உறையையும் தூக்கி எறியக் கூடாது. அஞ்சல் முத்திரைதான் பல வேளைகளில் ஒரே தேதிச் சான்று.

கிடைக்காததை அழிந்துபோனதாக முடிவுகட்டுவதும் கூடாது. இன்றைய உக்ரைனில் இருந்த மோலோச்னா மெனோனைட் குடியேற்றத்தில் ஆசிரியர் பீட்டர் பிரவுன் திரட்டிய ஆவணங்களை 1929இல் சோவியத் அதிகாரிகள் பறித்துச் சென்றார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1990இல், அந்தத் தொகுப்பு ஒடெசாவின் அரசுக் காப்பகத்தில் கண்டறியப்பட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் மைக்ரோபிலிமில் பதிவாயின. ஆமிஷ் தாள்களுக்கு இணையத்தில் மட்டும் தேடுவோரும் ஏமாறுவார்கள். ஒன்டாரியோவின் எய்ல்மரிலும் பென்சில்வேனியாவின் கார்டன்வில்லிலும் ஆமிஷ் மக்களே நடத்தும் நூலகங்கள் உள்ளன. நேரில் போக வேண்டும், அல்லது கடிதம் எழுத வேண்டும்.

காகிதத்தைக் காக்கும் விதிகள் எங்கும் பொதுவானவை: செல்லோடேப் ஒட்டாதீர்கள், லாமினேஷன் செய்யாதீர்கள், துருப்பிடிக்கும் பின்களை அகற்றுங்கள், புகைப்படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.

கடைசியாக, சபை விலக்கம் பற்றிய தாள்கள். முப்பது குடும்பங்கள் கொண்ட ஒரு சபையில் ஒருவர் எழுதிக்கொடுத்த பாவ அறிக்கை கைக்குக் கிடைத்தவுடன் அதைப் படமெடுத்துப் பொதுவெளியில் போடுவது, அடுத்த பண்ணையில் வாழும் அவருடைய பேரனைக் காயப்படுத்தும். இத்தகைய கோப்புகளுக்குப் பயன்பாட்டுக் கட்டுப்பாடு உண்டா என்று காப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கேமராவை எடுக்க வேண்டும்.