வலிக்காத சொத்தை: முதியவர்களின் பல் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

"வயதாகிவிட்டால் பல் விழத்தானே செய்யும்?" முதல் தவறு இந்தப் பேச்சுதான். பற்களைப் பறிப்பது வயது அல்ல. கவனிக்காமல் விட்ட சொத்தையும் ஈறு நோயும்தான்.

என் அம்மாவின் தலையணைக்கு அடியில் ஒரு சுருக்குப்பை இருக்கும். உள்ளே கற்கண்டு. மாத்திரைகள் கூடக் கூட நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டுகிறது என்பார். இரவில் விழிப்பு வரும்போதெல்லாம் ஒரு கட்டியை வாயில் அடக்கிக்கொள்வார். ஒருநாள் உதட்டை விலக்கிப் பார்த்தபோது, கீழ்ப்பற்களில் ஈறை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு. காபிக் கறை என்று நினைத்தேன். பல் மருத்துவர் ஊசிமுனையால் தொட்டதும் அது மெத்தென்று உள்ளே இறங்கியது. அம்மாவுக்கு வலியே இல்லை.

முதுமையில் வரும் சொத்தை பெரும்பாலும் இப்படித்தான். ஈறு இறங்கி, வேர் வெளியே தெரிகிறது. வேருக்கு எனாமல் என்னும் கடினமான மேல்பூச்சுக் கவசம் கிடையாது. அமிலத்தின் கடுமையை பி.எச். என்ற எண்ணால் அளக்கிறார்கள்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். எனாமல் கரைய பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்க வேண்டும், வேருக்கு 6.2-லிருந்து 6.7 வரையிலான லேசான அமிலமே போதும். வயது ஏற ஏறப் பல்லுக்குள் நரம்பு இருக்கும் இடமும் சுருங்கிவிடுவதால் வலி தாமதமாகத்தான் வரும். "வலித்தால் போய்க்கொள்ளலாம்" என்று காத்திருப்பவர்கள் பல்லை எடுக்கத்தான் போகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இனிப்பைத் தின்று வாய்க்கிருமிகள் உண்டாக்கும் இந்த அமிலத்தைக் கழுவுவது உமிழ்நீர். ரத்த அழுத்தம், ஒவ்வாமை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான மாத்திரைகளில் பல அதைக் குறைக்கின்றன. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். வறட்சிக்கு மிட்டாய் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். இனிப்பின் அளவைவிட, எத்தனை முறை வாய்க்குள் போகிறது என்பதே முக்கியம். சர்க்கரை போட்ட காபியை ஐந்து நிமிடத்தில் குடித்து முடிப்பதைவிட, ஆற ஆற ஒரு மணி நேரம் உறிஞ்சுவது கெடுதல்.

காலையில் மட்டும் பல் துலக்குவது இன்னொரு தவறு. தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைவதால் இரவுத் துலக்கலைத் தவறவிடக் கூடாது. கரித்தூளும் செங்கல் பொடியும் வேரைத் தேய்த்துவிடும். மென்மையான பிரஷ் போதும். பேஸ்டில் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு 1000 முதல் 1500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். மூன்று நான்கு முறை கொப்பளிப்பது நம் பழக்கம். பல்லில் தங்க வேண்டிய மருந்து அதில் போய்விடுகிறது.

கழற்றி மாட்டும் பல்செட்டுடன் தூங்கக் கூடாது. அதன் கம்பி பிடித்திருக்கும் சொந்தப் பற்களில்தான் அழுக்கு சேரும். செட்டைக் கழற்றிவிட்டு அவற்றைத் துலக்க வேண்டும்.

கை நடுங்குகிறவர்களைத் தனியே விடாதீர்கள். பிரஷ் பிடியில் துணியைச் சுற்றிக் கட்டினால் பிடிக்க எளிது. அதுவும் முடியாதபோது நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று, தலையை நம் மார்பில் சாய்த்துக்கொண்டு நாமே துலக்கிவிடலாம். அம்மாவுக்கு இப்போது அப்படித்தான் செய்கிறேன்.