போன் வாங்கிக் குடுத்துட்டா படிப்பு வந்துருமா? மலைப்பக்கம் ஆன்லைன் கிளாஸ் நடத்துறவங்க பண்ற தப்புங்க

2020 ஜூன் ஒன்னாந்தேதியை மூணாறு பக்கத்து எஸ்டேட்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. கொரோனாவுல ஸ்கூல் மூடியிருந்த நேரம், அன்னைக்குத்தான் கேரள அரசோட கல்வி டிவியான கைட் விக்டர்ஸ் சேனல்ல ஃபர்ஸ்ட் பெல்ங்கிற டிவி கிளாஸ் ஆரம்பிச்சுது, அதே நாள்லதான் கேரளாவுல தென்மேற்குப் பருவமழையும் ஆரம்பிச்சுது. மழை வந்தா இங்க கரண்ட் போகும், கரண்ட் போனா கேபிள் போகும், டவர்ல பேட்டரி தீர்ந்துச்சுன்னா ரேஞ்சும் போயிரும். பசங்க குடையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டு வளைவுல எங்க ரெண்டு கோடு ரேஞ்ச் கெடைக்குதோ அங்க போய் உக்காந்து படிச்சாங்க. அப்போ நாங்க நாலு பேர் சேர்ந்து எஸ்டேட்ல எங்க டிவிஷன் வாயனசாலைல, அதாவது படிப்பகத்துல, சாயங்காலம் பசங்களுக்கு சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சோம், அதுல நாங்க பண்ணின தப்பே ஏகப்பட்டது, அப்புறம் வெளியூர்ல இருந்து உதவி பண்றோம்னு வந்தவங்க பண்ணினதையும் பாத்தாச்சு. அதையெல்லாம் எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

முதல் தப்பு, கணக்கெடுக்கும்போது கேக்குற கேள்வியிலயே இருக்கு. நாங்களும் நோட்டைத் தூக்கிக்கிட்டு லயம் லயமா (எஸ்டேட் தொழிலாளிங்க வரிசை வீடு) போய் "வீட்டுல ஸ்மார்ட்போன் இருக்கா?"ன்னு கேட்டோம். முக்காவாசி வீட்டுல இருக்குன்னாங்க, சரி பிரச்சனை தீந்துச்சுன்னு போன்லயே காலைல பத்து மணிக்கு கிளாஸ் வெச்சோம், வந்தது ஏழு பேர். ஏன்னா போன் ஒன்னுதான், அது காலைல மஸ்டருக்கு, அதான் வேலைக்குப் பேர் குடுக்க, போற அப்பா பாக்கெட்ல இருக்கும், இல்லேன்னா கொழுந்து எடுக்கப் போற அம்மாவோட காட்டுல இருக்கும். வீட்டுல போன் இருக்குறது வேற, பிள்ளை கையில இருக்குறது வேற. வீட்டுல ரெண்டு மூணு பசங்க இருந்தா அவங்க வேலை முடிஞ்சு வந்தப்புறம் போன் கெடைக்கிற சாயங்கால ஒரு மணி நேரத்தையும் பங்கு போடணும், அதுல பெரும்பாலும் பெரியவனுக்குத்தான் போன், தங்கச்சிக்கு "நாளைக்குப் பாத்துக்க". அதனால கேக்க வேண்டிய கேள்வி போன் யார் கையில எத்தனை மணிக்கு இருக்கு, ரீசார்ஜ் மாசக் கடைசி வரைக்கும் தாங்குமா, மெமரில இடம் இருக்கா. இந்த கடைசிக் கேள்வியை சிரிக்காதீங்க, குட்மார்னிங் படமும் கல்யாண வீடியோவும் ரொம்பி பாடம் டவுன்லோட் ஆகாத போன் எத்தனை பாத்திருக்கேன் தெரியுமா.

அடுத்தது, பொருளை வாங்கிக் குடுத்துட்டு போட்டோ எடுத்துட்டுப் போறது. உலகம் முழுக்க இதுக்கு பெரிய உதாரணம் பெரு நாடு. 2005ல அமெரிக்காவுல எம்ஐடி பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபான்டே நூறு டாலர்ல ஏழைக் குழந்தைங்க ஒவ்வொருத்தருக்கும் லேப்டாப்னு கிளம்பினாரு, விலை நூறுல நிக்கல, கிட்டத்தட்ட இருநூறுக்குப் போச்சு, அது வேற கதை. பெரு அரசாங்கம் எட்டு லட்சத்துக்கும் மேல வாங்கிக் குடுத்துச்சு. 319 கிராமத்து ஸ்கூல்கள்ல போய் ஆராய்ச்சி பண்ணிப் பாத்தா, பதினஞ்சு மாசம் கழிச்சும் கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் லேப்டாப் வந்த ஸ்கூலுக்கும் வராத ஸ்கூலுக்கும் வித்தியாசமே இல்ல. பசங்க லேப்டாப்பை நல்லா ஓட்டக் கத்துக்கிட்டாங்க, அது உண்மை. ஆனா முக்காவாசி ஸ்கூல்ல நெட் கிடையாது, இதை வெச்சு நாளைக்கு எந்தப் பாடத்தை எப்படி நடத்தணும்னு டீச்சருக்கு சரியா யாரும் காட்டித் தரல.

அப்போ போன், கம்ப்யூட்டர் எல்லாம் வேஸ்ட்டான்னா இல்ல. அதுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் வேணும், இதைத்தான் நிறைய பேர் விட்டுர்றாங்க. போட்ஸ்வானாவுல 2020ல ஸ்கூல் மூடின நேரம் சுமார் 4,500 குடும்பத்தை வெச்சு ஒரு சோதனை பண்ணினாங்க. சில வீட்டுக்கு வாரம் ஒரு எஸ்எம்எஸ்ல கணக்கு மட்டும் போச்சு, சில வீட்டுக்கு எஸ்எம்எஸ்ஸோட ஒரு ஆள் போன் போட்டு பதினஞ்சு இருபது நிமிஷம் பெத்தவங்களையும் பிள்ளையையும் வெச்சுப் பேசினாங்க. ஸ்மார்ட்போன் கூட இல்ல, சாதா போன். எஸ்எம்எஸ் மட்டும் போன இடத்துல சொல்லிக்கிற மாதிரி ஒன்னும் நடக்கல, ஆள் பேசின இடத்துல பசங்க நிஜமாவே கணக்கு கத்துக்கிட்டாங்க. நாங்களும் இதைத் தெரியாமலே கண்டுபிடிச்சோம்னு வெச்சுக்கங்க, குரூப்ல வீடியோவைத் தட்டிவிட்டா நீல டிக் விழும், அவ்வளவுதான். ப்ளஸ் டூ முடிச்சிட்டு வீட்டுல இருந்த பொண்ணுங்களை ஆறு வீட்டுக்கு ஒரு அக்கான்னு போட்டு, ராத்திரி ஏழரைக்கு மேல போன் பண்ணி "இன்னைக்கு எத்தனை கணக்கு போட்ட, படிச்சுக் காட்டு"ன்னு கேக்க வெச்சோம், அதுக்கப்புறம்தான் நோட்டுல ஏதாவது எழுத ஆரம்பிச்சாங்க.

இதோட ஒட்டுன இன்னொரு தப்பு, ஆறாங்கிளாஸ் பையனுக்கு ஆறாங்கிளாஸ் பாடத்தையே அனுப்புறது. டெல்லியில மைண்ட்ஸ்பார்க்னு ஒரு சாஃப்ட்வேர வெச்சுப் பாத்தப்போ ஆறாவது படிக்கிற பசங்க கணக்குல சராசரியா ரெண்டரை வகுப்பு பின்னால இருந்தாங்களாம். அது பையன் எங்க நிக்கிறான்னு பாத்து அங்க இருந்து கேள்வி குடுக்கும், அதனால பலன் இருந்துச்சு. ஆனா கவனிங்க, அது வீட்டுல தனியா நடந்தது இல்ல, சென்டருக்கு வரணும், முக்கா மணி நேரம் கம்ப்யூட்டர், முக்கா மணி நேரம் சின்ன குரூப்பா ஒரு ஆள் சொல்லிக்குடுப்பாங்க. சாஃப்ட்வேர் விக்கிறவங்க அந்த ரெண்டாவது முக்கா மணி நேரத்தைப் பத்தி வாயே திறக்க மாட்டாங்க.

மொழி விஷயம் எங்க மாதிரி எல்லைக்காரங்களுக்குத்தான் புரியும். எங்க பசங்க தமிழ் மீடியம், ஆனா சிலபஸ் கேரளா. வெளியில இருந்து வந்த ஒரு குழு தமிழ்நாட்டு பாட வீடியோவை பென்டிரைவ்ல போட்டு கொண்டாந்தாங்க, தமிழ்தானே எல்லாம் ஒன்னுதானேன்னு. நல்ல வீடியோதான், ஆனா பாட வரிசை வேற, புத்தகத்துல இருக்குற உதாரணம் வேற, பசங்க பரீட்சைக்கு எதைப் படிக்கறதுன்னு முழிச்சாங்க. மலையாளத்துல வர்ற வீடியோவும் ஓரளவுதான் ஓடும், பேச்சு புரியும், அறிவியல் வார்த்தை வந்தா நின்னுரும். கையில இருக்குற புத்தகத்தை முதல்ல பாருங்க, அப்புறம் வீடியோ தேடுங்க.

நாப்பது நிமிஷ வீடியோ அனுப்பாதீங்க, டேட்டா பாதியிலயே தீந்துரும். அஞ்சு நிமிஷ வாய்ஸ் மெசேஜும், பிரிண்ட் எடுத்த ஒரு பக்கமும் போதும். ரேடியோன்னா பழசுன்னு நெனைக்கிறாங்க, 1970கள்லயே நிகரகுவாவுல ரேடியோவுல கணக்கு சொல்லிக்குடுத்தாங்க, ரேடியோ கேள்வி கேட்டுட்டு கொஞ்ச நேரம் நிக்கும், கிளாஸே கத்தி பதில் சொல்லும், அப்புறம் ரேடியோ விடையைச் சொல்லும். பசங்களைத் தூங்க விடாது.

காசு நின்னா என்னன்னு யோசிக்காம ஆரம்பிக்கறதும் தப்புதான். நம்ம நாட்டுலயே 1975 ஆகஸ்ட்ல சைட்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க, அமெரிக்காவோட ஏடிஎஸ்-6 சாட்டிலைட் வழியா ஆந்திரா உட்பட ஆறு மாநிலத்துல சுமார் 2,400 கிராமத்துக்கு டிவில கல்வி நிகழ்ச்சி. இரவல் சாட்டிலைட், ஒரு வருஷம்தான், 1976 ஜூலையோட முடிஞ்சுது. அவங்களுக்காவது முடியற தேதி முன்னாடியே தெரியும். எங்ககிட்ட வர்றவங்க அதைக்கூட சொல்றதில்ல, ஒரு நாள் லாகின் வேலை செய்யாது, அப்போதான் ப்ராஜெக்ட் முடிஞ்சுதுன்னு தெரியும்.

கடைசியா பெரிய பசங்க விஷயம். ரிசார்ட்ல வேலை பாத்துக்கிட்டே டிகிரி முடிக்கலாம்னு நிறைய பேர் இறங்குறாங்க, நல்லதுதான், இக்னோ, அதான் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலை பல்கலைக்கழகம், 1985ல இருந்து இருக்கு, 2020ல கொல்லத்துல ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலை பல்கலைக்கழகமும் வந்துச்சு. மாட்டிக்கிறது ஏஜென்ட்கிட்டதான். "பரீட்சைக்கு நீ வரவே வேண்டாம், நாங்க பாத்துக்கறோம்"னு எவனாவது சொன்னா எந்திரிச்சு வந்துருங்க. யூஜிசியில தொலைதூரக் கல்வியைப் பாத்துக்கற டெப் பிரிவோட வெப்சைட்ல அந்த பல்கலைக்கழகம் மட்டும் இருந்தா போதாது, நீங்க சேர்ற கோர்ஸும் சேர்ற வருஷமும் இருக்கணும். இன்ஜினியரிங், நர்சிங், பார்மசி இதெல்லாம் தொலைதூரக் கல்வியில செல்லாது, இன்ஜினியரிங் பத்தி 2017லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. ஃபீஸ் எவ்வளவுன்னு கேக்குறவங்க எக்ஸாம் சென்டர் எங்கன்னு கேக்குறதே இல்ல, பஸ் காசு, ரூம் காசு, ரெண்டு நாள் கூலி போறது இதெல்லாம் அப்புறம்தான் உறைக்கும். இக்னோ எக்ஸாம் ஜூன்லயும் டிசம்பர்லயும் வருது, ஜூன்ல எங்க ரோட்டுல எப்போ மண்ணு சரியும்னு யாருக்குத் தெரியும். பக்கத்து லயத்து பொண்ணு ஒன்னு இப்படித்தான் ஒரு தடவை பாதி வழியில நின்னுட்டு திரும்பி வந்துச்சு, அடுத்த தடவை டிசம்பருக்கு எழுதிச்சு, பரீட்சைக்கு முந்தின நாளே கோதமங்கலத்துல சித்தி வீட்டுல போய் படுத்துருச்சு.