ஆபரேஷனுக்கு முன் வீடியோ பார்ப்பது எப்படி

வேலூர் காந்தி ரோடு லாட்ஜில் ஆபரேஷன் தேதிக்குக் காத்திருப்பவர்களுக்குப் போன்தான் துணை. தேடும் முன் ஓ.பி. சீட்டைப் பாருங்கள். வெறுமனே ‘பித்தப்பை ஆபரேஷன்’ என்று போட்டால் கல், புற்றுநோய், வயிற்றைத் திறக்கும் பழைய முறை எல்லாம் கலந்து வரும். சீட்டில் ‘லேப் கோலி’ என்றிருந்தால் ‘லேப்ராஸ்கோபிக் கோலிசிஸ்டெக்டமி’ (சிறு துளை வழியே பித்தப்பையை எடுப்பது) என்று தேடுங்கள்.

முதலில் அனிமேஷன், பிறகுதான் நிஜப் பதிவு. அனிமேஷனில் ரத்தமே வராது. ஆனால் எந்த உறுப்பு எங்கே என்று புரியும். வயிற்றில் கார்பன்-டை-ஆக்சைடு நிரப்பி, வழக்கமாக 4 சிறு துளைகள் போடுவார்கள். பித்தப்பைக் குழாய்க்கும் ரத்தக்குழாய்க்கும் கிளிப் போட்டு வெட்டும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் முக்கியக் குழாயான பொதுப் பித்தநாளத்தைத் தவறி வெட்டிவிடக் கூடாதென்றுதான் டாக்டர் அங்கே பொறுமையாகக் கொழுப்பை விலக்கிக்கொண்டே இருப்பார். சுருக்கிய வீடியோக்களில் இதையே வெட்டிவிடுகிறார்கள், என்ன சொல்ல!

வயிற்றில் நிரப்பிய அந்த வாயுவால் பிறகு தோள் வலிக்கலாம். பெரும்பாலும் சில நாளில் அடங்கும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

எத்தனை மணி நேரம் வெறும் வயிறு, சர்க்கரை மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் வீடியோவிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் மயக்க டாக்டர் சொல்வதுதான் கணக்கு. வீக்கம் அதிகமிருந்தால் பாதியில் திறந்த முறைக்கு மாறுவதும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.