வீட்டு வேலைக்கு ஆள் வைப்பதா, நாமே செய்வதா? கம்பம் பள்ளத்தாக்கில் முடிவெடுக்கும் முறை

தேனி மாவட்டத்துக் கம்பத்திலோ கூடலூரிலோ வீட்டு வேலைக்கு ஆள் தேடுபவர், கையிருப்பை எண்ணுவதற்கு முன் மேற்கே இருக்கும் மலையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கு வீட்டு வேலைக்கு வரக்கூடிய பெண்களில் பலர், விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புபவர்கள். ஆவணி வாக்கில் காய் எடுப்பு மும்முரமானால் தை வரை அங்கே ஆள் தேவை குறையாது. அந்த நாள்கூலியோடு ஒப்பிட்டுத்தான் நாம் சொல்லும் சம்பளத்தை அவர்கள் எடைபோடுவார்கள். சித்திரையில் ஒப்புக்கொண்டவர் ஆவணியில் நின்றுவிட்டால் அதை நன்றி கெட்ட செயல் என்று பேசுவது நியாயமாகாது.

முதல் வேலையாக, ஒரு வாரத்துக்கு வீட்டில் நடக்கும் வேலைகளையும், ஒவ்வொன்றுக்கும் பிடித்த நேரத்தையும், அதைச் செய்தவர் யார் என்பதையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். கடைசி விவரத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஆள் வேண்டாம் என்று கூடத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பவர் ஒருவராகவும், பின்கட்டில் குனிந்து பாத்திரம் துலக்குபவர் இன்னொருவராகவும் இருக்கும் வீடுகளே அதிகம். மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரிந்தது. உங்கள் தாளிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், ஆள் தேடுவதற்கு முன் வேலையை வீட்டுக்குள் பிரித்துப் பாருங்கள். பல வீடுகளில் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

எஞ்சியவற்றை ஒட்டுமொத்தமாக அல்லாமல் வேலை வேலையாக முடிவு செய்ய வேண்டும். துணியை இயந்திரத்திடம் விட்டுவிடலாம். மாவு கடையில் கிடைக்கிறது, சுவையில் சமரசம் செய்துகொள்ள முடிந்தால். ஒட்டடை அடிப்பதும் தண்ணீர்த் தொட்டி கழுவுவதும் எப்போதோ வருபவை. அவற்றுக்கு ஒரு நாள் கூலிக்கு ஆள் போதும். அன்றாடம் இடுப்பை ஒடிப்பவை பாத்திரமும், வீடு பெருக்கித் துடைப்பதும்தான். வீட்டில் இருவர் வேலைக்குப் போகிறார்கள் என்றால் இந்த இரண்டுக்கு மட்டும் ஆள் வைப்பது நல்ல முடிவு. படுக்கையில் இருக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்வதை இந்த வேலையோடு சேர்த்துத் தலையில் கட்டக் கூடாது. அது தனி வேலை, தனிச் சம்பளம்.

சம்பளத்தைத் தீர்மானிக்க, தோட்டத்தில் இப்போது நாள்கூலி என்ன என்று ஜீப் நிற்கும் இடத்தில் விசாரித்து, வேலை நேரத்தால் வகுத்து, ஒரு மணி நேரத்துக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். மலைப்பாதைப் பயணமும் சாரலும் நம் வீட்டில் இல்லை என்பதற்காகச் சற்றுக் குறைக்கலாம். பாதியாகக் குறைத்தால் ஆள் நிற்கமாட்டார். அதனுடன் தீபாவளிக்குக் கொடுப்பது, அவ்வப்போது கேட்கப்படும் முன்பணம், சம்பளம் பிடிக்காத விடுமுறை நாள்கள் ஆகியவற்றையும் கூட்டுங்கள். இந்த மொத்தத் தொகை கையைக் கடிக்குமானால், குறைத்துப் பேரம் பேசுவதைவிட வேலையைக் குறைத்துக் கேட்பதே மேல். காய் எடுப்பு மாதங்களில் என்ன ஏற்பாடு என்பதையும் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். மலை ஏறுவதை விட்டுவிட்ட, சற்று வயது முதிர்ந்த ஒருவர் கிடைத்தால் ஆண்டு முழுவதும் அவர் வர வாய்ப்பு அதிகம். ஆனால் குனிந்து துடைக்கும் வேலையை அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்துகொள்ளாதவராக இருந்தால் பதிவுக்கு உதவுங்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளை வந்து நின்றால், திருப்பி அனுப்பிவிட்டு அன்றைய பாத்திரத்தை நாமே துலக்கிக்கொள்ள வேண்டும். அன்றைய சம்பளத்தைப் பிடிக்கவும் கூடாது.