மலையில் போட்ட டிராஃபிக் சலான்: தேடுவது, கட்டுவது, கோர்ட்டில் மறுப்பது

வாட்ஸ்அப்பில் 'ஆர்.டி.ஓ. சலான்' என்ற பெயரில் ஏ.பி.கே. ஃபைல் வந்தால் தொடாதீர்கள். அரசு எந்தச் சலானையும் செயலியாக அனுப்புவதில்லை. அந்த ஃபைலைத் திறந்தால் போனில் வரும் ஓ.டி.பி. எல்லாம் திருடன் கைக்குப் போய்விடும். எஸ்.எம்.எஸ்.ஸில் லிங்க் வந்தாலும் அதை அழுத்த வேண்டாம். பிரவுசரில் நீங்களே இ-சலான் பரிவாகன் தளத்தைத் தேடித் திறந்து, முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

அங்கே தேட மூன்று வழி உண்டு: சலான் எண், வண்டி எண், லைசென்ஸ் எண். வண்டி எண்ணைப் போட்டால் சேஸிஸ் நம்பர் அல்லது இன்ஜின் நம்பரின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கேட்கும். ஆர்.சி. புக்கில் இரண்டும் இருக்கும். பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' போட்டால் 'விவரம் இல்லை' என்றுதான் வரும். அதைப் பார்த்துவிட்டு 'நம்ம வண்டி மேல எதுவும் இல்லை' என்று நிம்மதியாகிவிடாதீர்கள். ஒரு மாதம் ஆன சலானாக இருந்தால் விர்ச்சுவல் கோர்ட் (ஆன்லைன் கோர்ட்) தளத்திலும் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். போலீஸ் தளத்திலிருந்து கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டவை அங்கே தெரியும்.

ஆர்.சி.யில் பழைய போன் நம்பர் இருந்தால் தகவல் உங்களுக்கு வரவே வராது. டி.என். 43 (நீலகிரிப் பதிவு) வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டு, போன் நம்பர் மட்டும் முந்தைய உரிமையாளருடையதாக விட்டு வைத்திருப்பவர்கள் இங்கே ஏராளம். வாகன் தளத்தில் போன் நம்பரை மாற்றும் வசதி இருக்கிறது, இன்றைக்கே மாற்றிவிடுங்கள். வண்டியை விற்றவர்களுக்கும் இதில் வேலை உண்டு. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. தெரிவிக்காவிட்டால், வாங்கியவர் ஹெல்மெட் போடாததற்கும் சலான் உங்கள் பெயரில்தான் வரும்.

இன்னொன்று: மலையில் கையில் கொடுக்கப்படும் ரசீது எல்லாமே டிராஃபிக் சலான் அல்ல. முதுமலைச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கியதற்கு வனத்துறை போட்டது, பிளாஸ்டிக் பாட்டிலுக்கு உள்ளாட்சி போட்டது, இ-பாஸ் சோதனையில் எழுதிக் கொடுத்தது ஆகியவை பரிவாகனில் வராது. ரசீதில் எந்தத் துறையின் பெயர், எந்தச் சட்டம் என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் இல்லையென்றால், கொடுத்த துறையின் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

சலானைப் படிப்பது

பணம் கட்டும் பொத்தானை அழுத்தும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு. அதற்குப் பிறகு 'நான் இல்லை' என்று சொல்ல வழி கிடையாது. கூலிக்கு டாக்சி ஓட்டும் தம்பிமார்கள் கோர்ட் என்ற சொல்லுக்குப் பயந்து, செய்யாத தப்புக்கு ஒரு நாள் வருமானத்தைக் கட்டுகிறார்கள். அது அவசியமே இல்லை.

முதலில் போட்டோ. பெரிதாக்கிப் பார்த்தால் பாதி விவகாரம் அங்கேயே தெரிந்துவிடும். மூடுபனியில் எடுத்த படத்தில் 1-ம் 7-ம் ஒன்றாகத் தெரியும், 3 எட்டாகும். உங்கள் வண்டி ஸ்கூட்டர், படத்தில் இருப்பது பைக் என்றால் வேறு வாதமே வேண்டாம். வண்டியின் நிறம், மாடல், பம்பரில் உள்ள அடி, பின்னால் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். படத்தில் உங்கள் நம்பரே தெளிவாக இருந்து, வண்டி மட்டும் உங்களுடையதாக இல்லாவிட்டால் யாரோ உங்கள் நம்பர் பிளேட்டைப் போட்டு ஓட்டுகிறார்கள். சலானை விட அதுதான் பெரிய ஆபத்து. அன்றைக்கே ஸ்டேஷனில் புகார் கொடுத்து புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள்.

அடுத்து தேதி, நேரம், இடம். கேமரா மூலம் போட்ட சலான் என்றால் மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ பொருந்தும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நம்பர் பிளேட்டும் குற்றமும் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, இடம், நேரம், பிரிவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். கேமரா கண்காணிப்பு உள்ள இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகையும் வைக்க வேண்டும். இவற்றில் எது இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிரிவு எண்தான் தொகையைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் வந்த உயர்வுக்குப் பிறகு: ஹெல்மெட் இல்லை என்றால் 194டி, 1,000 ரூபாய், பின்னால் உட்கார்ந்தவருக்கும் அதே. சீட் பெல்ட் 194பி, 1,000. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 181, 5,000. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 196, முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000. ஓட்டிக்கொண்டே போன் பேசினால் 184, முதல் முறை 1,000, மறுமுறை 10,000. சிக்னலை மதிக்காமல் போனால் 500, மறுமுறை 1,500. லைசென்ஸ் வைத்திருந்து அன்றைக்குக் காட்ட முடியாமல் போனதும், லைசென்ஸே இல்லாததும் வெவ்வேறு. முன்னதற்கு 181 போட்டிருந்தால் அது தவறான பிரிவு. 4,500 ரூபாய் வித்தியாசம். டிஜிலாக்கரிலும் எம்பரிவாகனிலும் உள்ள ஆவணங்களைக் காட்டினாலே செல்லும். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. மலை ஏறும் முன் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் சலானில் ஒரு நுணுக்கம். பாலிசியில் தொடங்கும் தேதியோடு நேரமும் அச்சிட்டிருக்கும். காலை 11 மணிக்குப் பிடிபட்டு, மாலை 4 மணிக்கு ஆன்லைனில் புதுப்பித்த பாலிசி உதவாது. 11 மணிக்கு முன்பே பாலிசி உயிரோடு இருந்தது என்றால் அந்த ஒரு தாளே போதும்.

எந்தக் கோர்ட்?

குற்றம் நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அந்த மாஜிஸ்திரேட். வண்டி எங்கே பதிவானது என்பது பொருட்டல்ல. கல்லாறில் போட்ட சலான் மேட்டுப்பாளையம் பக்கம் போகும். மேலே ஏறி பர்லியாறில் போட்டது குன்னூருக்கு வரும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என ஒவ்வொன்றிலும் மாஜிஸ்திரேட் கோர்ட் இருக்கிறது. கொடைக்கானல் பாதையில் பெருமாள்மலையில் பிடிபட்டால் கொடைக்கானல், அடிவாரத்தில் வத்தலக்குண்டில் பிடிபட்டால் நிலக்கோட்டை. சலானில் ஸ்டேஷன் பெயர் இருக்கும். அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கட்டுவதென்றால்

தப்பு உங்களுடையதுதான் என்றால் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். தளத்தில் யு.பி.ஐ., கார்டு, நெட் பேங்கிங் உண்டு. பணம் போய், சலான் 'நிலுவை' என்றே காட்டினால் மறுபடியும் கட்டாதீர்கள். கருவூலத்துக்குப் போய்ச் சேர ஒன்றிரண்டு நாள் ஆகும். வங்கிப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்து, தளத்திலேயே நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபாருங்கள். ரோட்டில் வைத்தே கட்டினால் மெஷினில் கட்டி அச்சு ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் கையில் காசு கொடுக்காதீர்கள். அந்தச் சலான் அப்படியே நிலுவையில்தான் நிற்கும்.

குடித்துவிட்டு ஓட்டியதை இப்படிக் கட்டி முடிக்க முடியாது. கோர்ட்டுக்குப் போகாமல் பணம் கட்டி முடிக்கும் சமரசப் பட்டியலில் 185-வது பிரிவு இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மாஜிஸ்திரேட் முன் நின்றே ஆக வேண்டும். முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதற்கு வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.

மறுப்பதென்றால்

முதல் படி கோர்ட் அல்ல. இ-சலான் தளத்திலேயே புகார் பகுதி இருக்கிறது. சலான் எண், போட்டோ, ஆர்.சி., தவறு என்ன என்பதை மூன்று வரியில் எழுதி ஏற்றுங்கள். நம்பர் மாறிப் போன கேஸ்கள் பலவும் இங்கேயே முடிந்துவிடும். அதே மனுவின் நகலைச் சலான் போட்ட ஸ்டேஷனில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கெடு தேதி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் இதை முதல் வாரத்திலேயே செய்ய வேண்டும். விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போய்விட்டதென்றால் அங்கே 'கட்டு', 'மறு' என்ற இரண்டு தேர்வுகள் வரும். மறுப்பைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு உரிய மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மாறும்.

சம்மன் வந்தால் அதில் எஸ்.டி.சி. (சுருக்க விசாரணை வழக்கு) எண் இருக்கும். அதையோ, வழக்குக்கு உரிய பதினாறு எழுத்து சி.என்.ஆர். எண்ணையோ வைத்து இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தாவைப் பார்க்கலாம். அன்று காலை 10 மணிக்கே போய், பெஞ்ச் கிளார்க்கிடம் எண்ணைச் சொல்லி, வழக்கு பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். போனை அணைத்துவிடுங்கள்.

பெயரைக் கூப்பிட்டதும் முன்னால் போய் நிற்க வேண்டும். குற்றச்சாட்டைச் சொல்லி 'ஒத்துக்கிறீங்களா?' என்று கேட்பார்கள். இங்கேதான் ஆட்கள் சறுக்குகிறார்கள். 'ஐயா, அன்னைக்கு ஹெல்மெட் வண்டியில தான் இருந்துச்சு, ஆனா...' என்று கதையைத் தொடங்கினால் அது ஒப்புதலாகவே பதிவாகும். மறுக்கிறீர்கள் என்றால் 'இல்லைங்க ஐயா, மறுக்கிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் சொல்ல நேரம் பிறகு வரும். ஒத்துக்கொண்டால் தண்டனை அளவைப் பற்றித்தான் மேல்முறையீடு செய்ய முடியும், குற்றத்தைப் பற்றி முடியாது. 'ஒத்துக்கிட்டா கோர்ட்ல குறைச்சுப் போடுவாங்க' என்று வெளியே சொல்வார்கள். 184 போன்ற பிரிவுகளில் குறைந்தது, அதிகபட்சம் என்று இரண்டு எல்லை உண்டு. 194டி போன்றவற்றில் தொகை சட்டத்திலேயே நிலையாக இருக்கிறது.

மறுத்ததும் சாட்சிக்கு வாய்தா போடுவார்கள். சலான் போட்ட அதிகாரி வந்து சொல்ல வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சின்னவை: எங்கே நின்றிருந்தீர்கள், எவ்வளவு தூரம், பனி இருந்ததா, படத்தை எடுத்தது யார்? மின்னணுப் படத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். உங்கள் டேஷ் கேமரா பதிவைக் காட்டினாலும் அதே சான்றிதழ் உங்களிடமும் கேட்கப்படும்.

வேக வழக்குகளில் மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டு பிரிவுகள் முக்கியம். ஒரே ஒரு சாட்சி 'வேகமாக வந்தார் என்று நினைக்கிறேன்' என்று சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது, கருவியின் அளவு வேண்டும் என்கிறது 183(3). வேகம், ஆபத்தாக ஓட்டுதல் இரண்டிலும், அந்த இடத்திலேயே எச்சரித்திருக்க வேண்டும். அல்லது 14 நாளுக்குள் நோட்டீஸ், அல்லது 28 நாளுக்குள் சம்மன் வந்திருக்க வேண்டும் என்கிறது 209. விதிவிலக்குகள் உண்டு என்றாலும், தேதிகளைக் கூட்டிப் பாருங்கள். பழைய சலானை ரொம்ப நாள் கழித்துத் தூசி தட்டிக் கோர்ட்டுக்கு அனுப்பினாலும் ஒரு வரம்பு இருக்கிறது. அபராதம் மட்டுமே தண்டனை என்றால் ஆறு மாதத்துக்குப் பிறகு கோர்ட் வழக்கைக் கோப்பில் எடுக்க பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 514-வது பிரிவு தடை போடுகிறது. வக்கீலிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

சென்னையிலிருந்து சுற்றுலா வந்து மாட்டியவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலை ஏற முடியாது. பி.என்.எஸ்.எஸ். 228-ன் கீழ், வக்கீல் மூலம் ஆஜராக மனுப் போடலாம். எதுவும் செய்யாமல் வராமல் இருந்தால் வாரண்ட் வரும். வக்கீலுக்குப் பணம் இல்லாத பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், குறைந்த வருமானக்காரர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். 15100-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். தப்பை ஏற்கிறேன், தொகைதான் முடியவில்லை என்பவர்கள், லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) தேதிக்கு முன்பே வழக்கைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். அங்கே முடிந்தால் அது இறுதி, மேல்முறையீடு கிடையாது.

விடுதலையானாலும், கட்டி முடித்தாலும், வாகன் தளத்தில் அந்த நிலுவை தானாக நீங்கிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். கோர்ட்டில் நகல் மனுப் போட்டு உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, சலான் போட்ட ஸ்டேஷனிலும் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் ஒவ்வொன்று கொடுங்கள். ஒரு வாரம் கழித்து வண்டி எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) தேதி நெருங்கும் வண்டி என்றால் இந்த வேலையை அதற்கு ஒரு மாதம் முன்பே முடிக்க வேண்டும்.