லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) சிக்னலில் பப்ஜி ஸ்குவாட்: எதைச் சொல்வது, எப்போது வாயை மூடுவது

பப்ஜி துப்பாக்கிச் சண்டை கேமில் நாலு பேர் ஸ்குவாட் (அணி) கவிழ்வது பெரும்பாலும் குறி தவறி அல்ல, "மச்சான், அங்க இருக்கான்!" என்ற கத்தலால். அங்க என்றால் எங்க? திரையின் மேலுள்ள திசைகாட்டியைப் பார்த்து, "120, கல்லுக்குப் பின்னால, ரெண்டு பேர்" என்று திசை (டிகிரியில்), இடம், ஆள்கணக்கு என்ற வரிசையில் சொல்லுங்கள். "இடப்பக்கம்" உதவாது, அவரவர் நிற்கும் முகத்துக்கு அது மாறும்.

ரேண்டமில் (கேமே சேர்த்துவிடும் முன்பின் தெரியாத அணியில்) சிங்கள ப்ரோ வந்தால் மேப்பில் மார்க்கர் வைத்து, டிகிரியை இங்கிலீஷில் சொன்னாலே போதும். மைக் டீமுக்கு மட்டும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 'ஆல்' என்றிருந்தால் பக்கத்து வீட்டில் ஒளிந்திருக்கும் எதிரிக்கும் உங்கள் திட்டம் கேட்கும். ஹெட்செட் இல்லாவிட்டால் மைக்கை மூடுங்கள். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் உங்கள் மைக் வழியாகப் போனால் அணியில் யாருக்கும் காலடிச் சத்தம் கேட்காது.

லயத்துக்குள் சிக்னல் நிற்காது, இஸ்தோப்புக்கு (வாசல் திண்ணைக்கு) வாருங்கள். பிங் (சர்வருக்குப் போய் வரும் தாமதம்) 200 மில்லிசெகண்டைத் தாண்டினால் முதல் ஆளாகப் பாயாதீர்கள். "லேக், பின்னால வாறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஸ்மோக் (மறைக்கும் புகைக்குண்டு) போடும் வேலையை எடுங்கள். விழுந்தவரைத் தூக்கப் பத்து விநாடி பிடிக்கும், அதனால் ஸ்மோக் முதலில். விழுந்தவர் திட்டுவதை விட்டு, சுட்டவன் நின்ற டிகிரியைச் சொல்லட்டும்.