பழைய பேண்டு வாத்தியத்தின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கம் பழைய இரும்புக் கடையிலோ பாசார் காராட் பழம்பொருள் சந்தையிலோ நசுங்கிப்போன கோர்னெட்டோ யூஃபோனியமோ கண்ணில் பட்டால், எடைக்கு விலை பேசுவதற்கு முன் அதன் புனல் வாயில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், இருக்கிற எழுத்தும் போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் போதும்.

'பூஸி அண்ட் கோ, 295 ரீஜென்ட் ஸ்ட்ரீட்' என்றிருந்தால் அது 1874க்கும் 1930க்கும் இடைப்பட்ட சரக்கு. லண்டனில் புத்தகக் கடையாக ஆரம்பித்து, பாட்டு நோட்டு அச்சடித்து, பிறகு வாத்தியமும் செய்த குடும்பம் அது. 1868இல் டிஸ்டின் கம்பெனியை வாங்கியதுதான் அவர்களைப் பித்தளை வாத்தியத்தில் பெரிய ஆளாக்கியது. 'ஹாக்ஸ் அண்ட் சன், டென்மன் ஸ்ட்ரீட்' என்றிருந்தால் அது போட்டிக் கம்பெனி, 1865இல் ராணுவ பேண்டுக்காரர் ஒருவர் தொடங்கியது. இரண்டு பெயரும் சேர்ந்து 'பூஸி அண்ட் ஹாக்ஸ்' என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், 1930க்குப் பிறகு செய்தது, ஏனென்றால் அந்த ஆண்டில்தான் இரண்டும் ஒன்றானது.

அப்புறம் வால்வைப் பாருங்கள். வரிசை எண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்துத் தேடிப் பார்க்க, பூஸியின் பழைய பேரேடுகள் லண்டன் ஹார்னிமன் மியூசியத்தில் இருக்கின்றன. வால்வுக்குப் பின்னால் கூடுதலாகச் சின்னக் குழாய்கள் ஓடினால் விட்டுவிடாதீர்கள். பல வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது சுரம் ஏறிப்போவதைச் சரிசெய்ய, பூஸியில் வேலை பார்த்த பிளேக்லி 1874இல் பேட்டன்ட் வாங்கிய அமைப்பு அது. எனக்கு விலை பேச அது ஒன்றே போதும்.

ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்து பித்தளை பேண்டுகள் 1960கள் வரை உயர் சுருதியில், அதாவது 'ஏ' சுரம் சுமார் 452 ஹெர்ட்ஸ் என்ற அளவில்தான் வாசித்தன, இன்றைக்கு 440. கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் பாதி வித்தியாசம், கீபோர்டோடு சேர்ந்து வாசித்தால் காது கூசும். வாங்குவதற்கு முன் ஃபோனில் ட்யூனர் வைத்து ஊதிப் பாருங்கள். சுருதி சேர்க்கிற ஸ்லைடு குழாயை முழுக்க இழுத்தும் இறங்கவில்லை என்றால், குழாயை நீட்டித் தருகிற பட்டறையின் கூலியையும் விலையில் கழித்துப் பேசுங்கள். உதிரி பாகத்துக்காகப் பூஸி அண்ட் ஹாக்ஸுக்கு எழுதிப் பயனில்லை, வாத்தியப் பிரிவை 2003இலேயே விற்றுவிட்டு இப்போது நோட்டு மட்டும்தான் வெளியிடுகிறார்கள்.